பழைய பொம்மைக் காரை மறுபடி ஓட வைப்பது எப்படி

உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த பழைய டை-காஸ்ட் பொம்மைக் கார் ஒன்று பெட்டியின் அடியிலிருந்து கையில் சிக்கினால், அதுவும் சின்ன வயதில் நாமே உருட்டி விளையாடியதாக இருந்தால், உடனே கை பரபரக்கும். பெயிண்டை உரித்துப் புதுசாக அடித்து, சக்கரம் மாற்றி, இன்றைக்குத்தான் பெட்டி பிரித்தது போல ஆக்கிவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த வேலையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான். உரித்த பெயிண்டைத் திரும்ப ஒட்ட முடியாது, கூரையில் இருக்கும் அந்த நீளமான கீறல் நீங்கள் மாடிப்படியில் தள்ளிவிட்டபோது விழுந்தது என்றால் அதுவும் பெயிண்டோடு சேர்ந்து போய்விடும். நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஓடாத கார் ஓட வேண்டும், அழுக்கு போக வேண்டும், அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அதனால் முதலில் காரை மேஜையில் வைத்து நன்றாகப் பாருங்கள். பெயிண்ட் பாதிக்கு மேல் இருக்கிறதா, சக்கரம் நான்கும் இருக்கின்றனவா, கண்ணாடி உடைந்திருக்கிறதா, கதவு திறக்கும் மாடல் என்றால் கதவு இன்னும் இருக்கிறதா. பெயிண்ட் பெரும்பாலும் இருந்தால் அதைத் தொட வேண்டாம், கழுவி, சக்கரத்தைச் சரி செய்தால் போதும். பெயிண்ட் கிட்டத்தட்ட எல்லாம் போய் வெறும் உலோகம் தெரிகிறது, அல்லது யாரோ நகப்பாலிஷ் பூசி வைத்திருக்கிறார்கள் என்றால் முழு வேலைக்கு இறங்கலாம். இடையில் இருப்பதுதான் கஷ்டம். அப்படிப்பட்டதை ஓரமாக வைத்துவிட்டு, உணர்வு ஏதும் ஒட்டாத, எங்கோ மலிவாகக் கிடைத்த ஒரு காரில் கை பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் காரைத் திருப்பி அடிப்பாகத்தைப் படியுங்கள். கம்பெனி பெயர், மாடல் பெயர், பல சமயம் ஒரு வருடம் எல்லாம் அங்கே இருக்கும். அந்த வருடம் பெரும்பாலும் அந்த அச்சின் உரிமை பதிவான வருடம்தான், உங்கள் கையில் இருக்கும் கார் வார்க்கப்பட்ட வருடமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே அச்சில் பல வருடங்கள் கார்கள் வந்துகொண்டே இருக்கும். இதைத் தெரியாமல் சாதாரணக் காரை அபூர்வம் என்று நினைத்து அலமாரியில் பூட்டி வைப்பவர்களும் உண்டு, அதைவிட மோசமாக, உண்மையிலேயே அபூர்வமானதைப் பெயிண்ட் உரிக்கும் ரிமூவரில் முக்குபவர்களும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் பழைய காருக்குச் சேகரிப்பவர்கள் மத்தியில் மதிப்பே அதன் அசல் பெயிண்டால்தான். மாடல் என்ன என்று தேடிப் பார்க்காமல், காரைப் பிரிக்க ட்ரில்லைக் கையில் எடுக்காதீர்கள்.

காலமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் எந்தக் காலத்துக் கார் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் சங்கதி மாறும். லண்டனில் லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல், தன் மகள் பள்ளிக்கு எடுத்துப் போகத் தீப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குட்டி ரோடு ரோலரைப் பித்தளையில் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953இல் வந்ததுதான் மேட்ச்பாக்ஸ். அந்தக் காலத்து மேட்ச்பாக்ஸ் கார்களில் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரங்களை இணைக்கும் கம்பி, தடிமனாக இருக்கும், வேகமாக ஓடாது. 1968இல் மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸை 16 மாடல்களோடு இறக்கியபோது மெல்லிய கம்பி ஆக்ஸிலும் உராய்வு குறைந்த சக்கரமும் வந்தன, லேசாகத் தள்ளினாலே அறையின் அந்தப் பக்கம் போய் முட்டும். மேட்ச்பாக்ஸ் சும்மா இருக்க முடியுமா, 1969இலேயே சூப்பர்ஃபாஸ்ட் என்று தானும் மெல்லிய ஆக்ஸிலுக்கு மாறியது. அதேபோல, கோர்கி 1956இல் வந்தபோது தன் கார்களில் கண்ணாடி ஜன்னல் (தெளிவான பிளாஸ்டிக்தான்) இருப்பதையே பெரிய விளம்பரமாகச் சொன்னது. ஆக அதற்கு முந்தைய டிங்கி என்ற பிராண்டின் கார் ஒன்று உங்களிடம் இருந்து அதில் கண்ணாடி இல்லை என்றால், தொலைந்துபோனதாக நினைத்துத் தேடி அலைய வேண்டாம், முதலிலிருந்தே அதில் கண்ணாடி கிடையாது.

இந்தக் கார்களின் உடம்பு பெரும்பாலும் ஸாமக் என்ற கலப்பு உலோகம். துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம், அதோடு கொஞ்சம் மெக்னீசியம், செம்பு. 390 டிகிரி செல்சியசுக்குள்ளேயே உருகிவிடும், அச்சில் ஊற்ற வசதி, அவ்வளவு நுணுக்கமான கதவுக் கைப்பிடியும் கிரில்லும் வருவது அதனால்தான். ஆனால் வார்க்கும்போது ஈயம் மாதிரி அசுத்தம் கொஞ்சம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, வெடிக்க ஆரம்பிக்கும். இதைத் துத்தநாக நோய் என்பார்கள். பெயிண்டுக்கு அடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல், வளைந்துபோன அடித்தட்டு, விரலால் அழுத்தினாலே உதிரும் ஓரம், இதெல்லாம் அடையாளம். மிகப் பழைய கார்களில்தான் இது அதிகம். இதற்கு மருந்து கிடையாது. அப்படிப்பட்ட காரைப் பிரிக்காதீர்கள், ட்ரில் அதிர்விலேயே தூளாகிவிடும். ஈரமில்லாத இடத்தில் அப்படியே வைத்துப் பார்த்து ரசிக்க வேண்டியதுதான்.

இன்னொரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1970களுக்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில்கூட 1978இல்தான் பொம்மைப் பெயிண்டில் ஈயம் 0.06 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வந்தது. எனவே பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தேய்க்க வேண்டியிருந்தால் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், கையுறை போடுங்கள், சாப்பிடும் மேஜையில் இந்த வேலை வேண்டாம், கழிவைத் துடைத்த காகிதத்தை மூடிய பையில் போடுங்கள்.

சரி, கழுவுவதிலிருந்து தொடங்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, மென்மையான பழைய டூத் பிரஷ். ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தைத் தேய்க்காதீர்கள், பக்கவாட்டில் அச்சடித்த எழுத்துகள் மீதும் பிரஷை ஓட்டாதீர்கள், பழைய அச்சு மை சோப்புக்கே பெயர்ந்து வரும். மூலைகளுக்குப் பல்குச்சி போதும், குண்டூசி வேண்டாம். பம்பர், விளக்கு போன்ற குரோம் பாகங்கள் உண்மையில் பிளாஸ்டிக் மீது ஏற்றிய கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய உலோகப் படலம்தான், அழுத்தித் தேய்த்தால் அது போயே போச்சு. பிளீச் பட்டாலும் கரைந்துவிடும். கழுவியபின் காரைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் மாற்றி மாற்றி வைத்துத் தண்ணீரை வடிய விடுங்கள், உள்ளே தங்கினால் ஆக்ஸில் துருப்பிடிக்கும். பாதிக் கார்களுக்கு வேலை இதோடு முடிந்தது. கழுவி, மெல்லிய மெழுகுப் பாலிஷ் ஒரு கோட்டிங் கொடுத்தால் மங்கலாகத் தெரிந்த பெயிண்ட் ஆழமான நிறத்தோடு வெளியே வரும், அதைப் பார்த்த பிறகு மறு பெயிண்ட் யோசனை பலருக்குப் போய்விடும்.

சக்கரம் இறுகியிருக்கிறதா? உடனே எண்ணெய் விடாதீர்கள். எல்லோரும் செய்வது அதுதான், முதல் நாள் பிரமாதமாக ஓடும், அப்புறம் எண்ணெய் தூசியையும் முடியையும் இழுத்துப் பிடித்து முன்பைவிட மோசமாகிவிடும், சில பிளாஸ்டிக்குகளை எண்ணெய் வெடிக்கவும் வைக்கும். முதலில் ட்வீசரை எடுத்து, சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் ஆக்ஸிலைச் சுற்றியிருக்கும் முடியை இழுங்கள். வந்துகொண்டே இருக்கும், தரைவிரிப்பில் ஓடிய கார் என்றால் ஒரு சின்ன உருண்டையே சேரும். முடி போன பிறகும் இறுக்கம் இருந்தால் மெல்லிய பென்சில் கிராஃபைட்டைத் தூளாக்கி, ஒரு பல்குச்சி நுனியில் எடுத்து ஆக்ஸில் நுழையும் இடத்தில் வைத்து சக்கரத்தைச் சுற்றுங்கள். கிராஃபைட் உலர்ந்த மசகு, தூசியை இழுக்காது. கை கருப்பாகும், வெளிர் நிறக் கார் என்றால் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆக்ஸில் வளைந்திருந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, நேரான பலகை ஒன்றின் ஒரு முனையின் கீழ் இரண்டு மூன்று புத்தகங்களை வைத்து, நடுவில் பென்சிலால் கோடு போட்டு, காரை அந்தக் கோட்டின் மீது விட்டுப் பாருங்கள். தள்ளக் கூடாது, விட வேண்டும். கீழே வரும்போது கோட்டுக்கு எந்தப் பக்கம் போகிறது, எந்தச் சக்கரம் சுற்றாமல் வழுக்கி வருகிறது என்று கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஒரே சக்கரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே வந்தால் அந்தப் பக்கம் ஆக்ஸில் நுனி வளைந்திருக்கிறது. கூர்மூக்குக் குறடால் ஆக்ஸிலை உடம்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சக்கரத்தை மிக லேசாக எதிர்ப்பக்கம் தள்ளுங்கள், மறுபடி பலகையில் விடுங்கள், மறுபடி தள்ளுங்கள். ஒரே தடவையில் நேராக்கப் பார்த்தால் கம்பி உடையாவிட்டாலும் சக்கரத்தின் துளை கிழிந்துவிடும். பொறுமை இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு வேலையே ஒரு முழு மாலைப் பொழுதை இனிமையாகத் தின்றுவிடும், நான் பெயிண்ட் வேலையைவிட இதைத்தான் அதிகம் விரும்புவேன்.

இனி பிரிக்கும் கதை. கதவு சிக்கியிருக்கிறது, உள்ளே மண், கண்ணாடி கழன்று ஆடுகிறது, அல்லது முழு பெயிண்ட் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால்தான் பிரிக்க வேண்டும். காரின் அடியில் முன்னும் பின்னும் வட்டமாக, நடுவில் சின்னக் குழியோடு ஒன்று அல்லது இரண்டு ரிவெட் தெரியும். இவை தனி ஆணிகள் என்று பலரும் நினைக்கிறார்கள். மேல் உடம்போடு சேர்த்தே வார்த்த தூண்கள் அவை, அடித்தட்டின் துளை வழியாக வெளியே வந்து, நுனி நசுக்கி விரிக்கப்பட்டிருக்கும். நாம் எடுக்க வேண்டியது அந்த விரிந்த தலையை மட்டும். தூணை எவ்வளவு மிச்சம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது, திரும்ப மூடும்போது அதில்தான் ஸ்க்ரூ ஏறப் போகிறது.

காரை ஒரு துணியில் சுற்றித் தலைகீழாக வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடியுங்கள், நசுக்காமல். கண்ணாடியும் கூரையும் அழுந்தாதபடி பக்கங்களில் பிடிப்பது நல்லது. ரிவெட்டின் நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் ஒரு தட்டு தட்டுங்கள், குழி ஏற்கெனவே நடுவில் சரியாக இருந்தால் அதுவும் வேண்டாம். முதலில் 1.6 மி.மீ. ட்ரில் பிட்டால் நேராகக் கொஞ்சம் ஆழத்துக்குத் துளை போடுங்கள், 4 அல்லது 5 மி.மீ. போதும். கூரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை முதலிலேயே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு, பிட்டில் ஒரு துண்டு டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துவிட்டால் நிம்மதி. காரின் பானெட்டைத் துளைத்துக்கொண்டு பிட் வெளியே வருவதைப் போல ஒரு சோகம் இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை. அப்புறம் தூணைவிடக் கொஞ்சம் பெரிய பிட், 3.5 அல்லது 4 மி.மீ., மெதுவான வேகத்தில். விரிந்த தலை மெல்லிய வளையமாகச் சுரண்டப்பட்டு பிட்டோடு சுற்ற ஆரம்பிக்கும், அந்த நொடியே நிறுத்துங்கள். துத்தநாகம் மென்மையானது, அழுத்தத் தேவையே இல்லை. பேட்டரி ட்ரில்லில் வேகம் குறையவில்லை என்றால் பிட்டைக் கையில் பிடிக்கும் சின்னப் பிடியில் மாட்டிக் கையாலேயே திருகலாம், நேரம் ஆகும் என்பதைத் தவிர கெடுதல் எதுவும் இல்லை.

அடித்தட்டை மெல்லிய தட்டைத் திருப்புளியால் ஒரு பக்கமாக நெம்பாமல் முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தூக்குங்கள். இதை ஒரு பெரிய தட்டில், அல்லது ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்வது உத்தமம். கதவு, பானெட் திறக்கும் மாடல்களில் சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது பறந்தால் பிறகு கண்டுபிடிப்பது கடவுள் சித்தம். ஒவ்வொரு பாகத்தை எடுக்கும் முன்பும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பொதுவாக இந்த வரிசைதான்: அடித்தட்டு, ஆக்ஸில்கள், இருக்கைப் பகுதி, கண்ணாடி, உடம்பு. கண்ணாடி சில சமயம் உடம்பில் இறுக்கமாகப் பொருத்தியோ, சூட்டில் உருக்கிய முளையாலோ பிடித்திருக்கும், அதை இழுத்துப் பிடுங்காமல் பக்கங்களை விரல் நகத்தால் விடுவியுங்கள்.

பெயிண்ட் உரிப்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். துத்தநாகம் காரத்தோடு வினைபுரியும், ஹைட்ரஜன் குமிழ் வரும், உலோகம் கறுத்துச் சொரசொரப்பாகும், நுணுக்கமான கோடுகள் மழுங்கிவிடும். இரும்புச் சாமான்களுக்குச் சரியாக வருவது இதற்கு வராது. அதேபோல துரு எடுக்க வினிகரில் முழுக் காரையும் ஊற வைக்கும் யோசனையும் ஆபத்து, துத்தநாகம் அமிலத்துக்கும் கரையும். ஆக்ஸிலைத் தனியாகக் கழற்றினால் அதை மட்டும் வினிகரில் போட்டு எடுக்கலாம். உடம்புக்கு, உலோகத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் ஜெல் வகை பெயிண்ட் ரிமூவர்தான் நல்லது. பழைய காட்டமான ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருந்தது, மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும் சமாச்சாரம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு உபயோகத்துக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். பாட்டிலில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

ஜெல்லைப் பழைய பிரஷால் தடவி, மூடிபோட்ட கண்ணாடிப் பாட்டிலில் வைத்துவிட்டு, பெயிண்ட் சுருங்கிக் கொப்பளிக்கும்வரை காத்திருங்கள். பிளாஸ்டிக் பாகம் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. பிறகு பித்தளை முள் உள்ள சின்ன பிரஷால் தண்ணீருக்கு அடியில் தேய்த்தால் வழிந்து போய்விடும். எஃகு முள் பிரஷ் கோடு போட்டுவிடும். உரித்தபின் அச்சு சேரும் இடங்களில், கூரை விளிம்பிலும் சக்கர வளைவிலும் மெல்லிய உலோகக் கசிவுக் கோடுகள் தெரியும், தொழிற்சாலையில் அவசரத்தில் விட்டவை. அவற்றைச் சின்ன ஊசி அரத்தால் லேசாக எடுத்து, 400, 600, 1000 நம்பர் உப்புத்தாளால் வரிசையாக ஈரத்தில் தேயுங்கள். எழுத்துகள், கதவுக் கோடுகள் மீது தாளை விடாதீர்கள்.

பெயிண்ட் அடிக்கும் முன்பு ஒரு கணக்கைப் பாருங்கள். 1:64 அளவு என்றால் 4.5 மீட்டர் நீள அசல் கார் 7 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. அதன்மீது பெயிண்ட் 0.1 மி.மீ. தடிமனில் விழுந்தால், அசல் காரில் 6 மி.மீ.க்கும் மேல் பெயிண்ட் அப்பியது போல. வீட்டில் பெயிண்ட் அடித்த பொம்மைக் கார்கள் பல, நிறம் அழகாக இருந்தும், கம்பளி போர்த்திய மாதிரித் தெரிவதற்கு இதுதான் காரணம். ஆகவே எல்லாமே மெல்லிசாக. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதற்கப்புறம் விரலால் தொடாமல், உடம்பின் உட்பக்கத்தில் ஒரு குச்சியை டேப்பால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் துத்தநாகத்தில் சாதாரணப் பெயிண்ட் பிடிக்காமல் தோலாக உரியும், வெற்று உலோகத்துக்கான பிரைமர், அதாவது அடிப்பூச்சு, கட்டாயம். ஸ்ப்ரே டின்னைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் தூவல் நுண்மையாகும். கொதிநீர், அடுப்பு இரண்டும் கூடாது, 50 டிகிரிக்கு மேல் டின் வெடிக்கலாம். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், காருக்கு வெளியே தொடங்கி, காரைக் கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். முதல் கோட்டிங்கில் பிரைமர் தெரிந்தால் தெரியட்டும், இரண்டாவது மூன்றாவது மூடும். மழை ஈரம் உள்ள நாளில் லாக்கர் (சீக்கிரம் காயும் வகைப் பெயிண்ட்) வெள்ளை பூத்துவிடும், அன்றைக்கு ஆக்ஸிலோடு மல்லுக்கட்டுங்கள்.

ஒரே வகைப் பெயிண்டையே அடியிலிருந்து மேல்வரை பயன்படுத்துவது நல்லது. மெதுவாகக் காயும் எனாமல் பெயிண்ட் மீது லாக்கர் அடித்தால் கீழே இருப்பது சுருங்கிக் கொப்பளிக்கும். சந்தேகம் இருந்தால் பழைய ஸ்பூன் ஒன்றின் முதுகில் மொத்த அடுக்கையும் அடித்துப் பாருங்கள், வளைவும் இருக்கும், நிறம் எப்படி விழுகிறது என்பதும் தெரியும்.

முதல் வருடங்களின் ஹாட் வீல்ஸில் இருந்த அந்த மிட்டாய்க் காகித மினுமினுப்பு வேண்டும் என்பவர்களுக்கு முறையே வேறு. அங்கே பிரைமர் கிடையாது, பளபளவென்று தேய்த்த உலோகத்தின் மீது நேராக ஒளி ஊடுருவும் நிற லாக்கர், அவ்வளவுதான். அதனாலேயே அடியில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் தெரியும், தேய்ப்பு வேலை மூன்று மடங்கு. 2000 நம்பர் தாள் வரை போய், பிறகு மெட்டல் பாலிஷ் போட்டு, அந்தப் பாலிஷின் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, அன்றைக்கே அடித்துவிட வேண்டும். விட்டு வைத்தால் துத்தநாகம் மங்கிவிடும்.

கண்ணாடிக்கு வருவோம். கீறலை 2000, 3000 நம்பர் தாளில் ஈரமாகத் தேய்த்துப் பிறகு பற்பசை அல்லது பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு மென்மையான துணியால் வட்டமாகத் தேய்த்தால் தெளிந்துவிடும். விரிசல் போகாது. கழன்ற கண்ணாடியை ஒட்ட சூப்பர் க்ளூ எடுக்காதீர்கள், அதன் ஆவி பக்கத்தில் வெள்ளைப் புகையாகப் படிந்து கண்ணாடி முழுக்கப் பார்வை போய்விடும். சாதாரண வெள்ளை ஒட்டுப்பசையே போதும், காய்ந்தால் தெரியாது, தப்பாக ஒட்டினால் தண்ணீரில் எடுத்தும் விடலாம். குரோம் போன பம்பருக்கு குரோம் மை பேனாக்கள் வருகின்றன, நல்ல கறுப்புப் பளபளப்பு அடித்தளத்தின் மீது பூசினால் அசத்தும், ஆனால் இரண்டு நாளாவது தொடாமல் விட வேண்டும், அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் அடித்தால் சாம்பல் நிறமாக மங்கிவிடும்.

ஸ்டிக்கர், எழுத்து வேலை ஆசை இருந்தால், தண்ணீரில் நனைத்ததும் படம் நழுவி வரும் வாட்டர் ஸ்லைடு தாள் வாங்கி வீட்டு இங்க்ஜெட்டிலேயே அச்சடிக்கலாம். பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள், கறுப்புக் காரில் மஞ்சள் எண் வேண்டும் என்றால் வெள்ளைப் பின்னணித் தாள்தான். அச்சடித்த மையைக் கிளியர் ஸ்ப்ரே போட்டு மூடாமல் தண்ணீரில் போட்டால் வண்ணக் கரைசல்தான் மிஞ்சும். பளபளப்பான பரப்பில் ஒட்டுங்கள், சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரித் தெரியும்.

துருவேறிய ஆக்ஸிலைக் கழற்றியிருந்தால் நுண்ணிய எஃகு நாரால் தேய்த்து, தட்டையான கண்ணாடி மீது உருட்டிப் பாருங்கள், தள்ளாடாமல் உருண்டால் நேராக இருக்கிறது. சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்றால், பெரும்பாலான கார்களில் ஆக்ஸிலின் இரு முனையும் நசுக்கப்பட்டிருப்பதால் சக்கரம் தனியே கழலாது. ஆக்ஸிலை நடுவில் வெட்டி, அது நுழையும் அளவில் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய்த் துண்டில் இரண்டு பக்கமும் செருகி ஒட்டுவதுதான் வழக்கம், வெட்டு அடித்தட்டுக்குள் மறைந்துவிடும். குழாய் வாங்கும் முன்பு வெர்னியர் அளவுகோலால் ஆக்ஸிலை அளந்துகொள்ளுங்கள், கண்ணளவு இங்கே எடுபடாது. ரப்பர் டயர் உள்ள பெரிய கார்களில் டயர் இறுகி வெடித்திருக்கும், அவற்றுக்கு மாற்று டயர்கள் அளவு வாரியாகக் கிடைக்கின்றன, வெளிவிட்டத்தோடு ரிம்மின் விட்டத்தையும் அளந்தால்தான் சரியானது வரும்.

மூடும் வேலை. முதலில் போட்ட 1.6 மி.மீ. துளைக்குள் எம் 2 டேப்பால், அதாவது 2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மரை வெட்டும் கருவியால் (ஒட்டும் டேப் அல்ல), மரை போடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, துகளை ஊதிவிட்டு மறுபடி. டேப் இறுகினால் வம்பு பண்ணாதீர்கள், உள்ளே உடைந்த டேப்பை எடுப்பது புதுக் கார் தேடுவதைவிடக் கடினம். பிரித்த வரிசைக்கு நேர்மாறாக அடுக்கி, ஆக்ஸில்கள் தம் குழியில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, 4 மி.மீ. நீள எம் 2 ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்க்ரூ தட்டைத் தொட்டதும் இன்னும் ஒரு கால் சுற்று, அதோடு சரி. அதற்கு மேல் திருகினால் அடித்தட்டு வளைந்து ஆக்ஸிலை அழுத்தும், நன்றாகச் சுற்றிய சக்கரம் மறுபடி இறுகும், மெத்தென்ற துத்தநாக மரையும் போய்விடும். மூடியதும் பலகையில் ஒரு தடவை விட்டுப் பாருங்கள், முன்பு நேராக ஓடி இப்போது இழுத்தால் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம்.

புதிய பெயிண்ட் காய்ந்துவிட்ட மாதிரித் தெரிந்தாலும் சில நாட்கள் துணி, நுரை எதிலும் சுற்றி வைக்காதீர்கள், நெசவு அப்படியே பதிந்துவிடும். மென்மையான பிளாஸ்டிக் டயர் உள்ள கார்களை பிளாஸ்டிக் மேடையில் வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டயரில் இருக்கும் மென்மையாக்கி கசிந்து மேடையைத் தின்னும், சக்கரம் மேடையோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு துண்டு கனமான காகிதம் வையுங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், சிவப்புதான் முதலில் வெளுக்கும்.

வீட்டில் குழந்தை இருந்தால் அது இந்தக் காரைத்தான் கேட்கும், பலகையில் அது ஓடியதைப் பார்த்திருக்குமே. பழைய பெயிண்ட் அப்படியே இருக்கும் காரை, வாயில் வைக்கும் வயதில் இருப்பவர்கள் கையில் கொடுக்காதீர்கள், ஈயம் ஒரு பக்கம், கழன்று விழக்கூடிய ஆக்ஸிலும் ஸ்க்ரூவும் இன்னொரு பக்கம். அவர்களுக்கு அந்த வயதுக்கென்று செய்த கெட்டியான பொம்மைக் கார் ஒன்றை வாங்கிக் கொடுங்கள், பலகையையும் புத்தகங்களையும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.